மவுன்ட் ரோடைக் கடப்பது எப்படி?

எதிர்ப்பக்கத்துக் கடையில் டீ நன்றாக இருக்கும். எல்லா வம்பும் அதில்தான் ஆரம்பித்தது.

ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு ஆபீஸில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். தினமும் நாலு மணிக்கு நாங்கள் நாலு பேர் அண்ணா சாலையைக் கடப்போம். டீ குடிக்க ஐந்து நிமிஷம். ரோடைக் கடக்க, போக வர பதினைந்து நிமிஷம். "ஒரு டீக்கு இருபது நிமிஷமாய்யா?" என்பார் மானேஜர். அவருக்கு ரூமுக்கே ஃப்ளாஸ்க் வந்துவிடும். அவர் கஷ்டம் அவருக்கு!

கடக்கும் முறை உங்களுக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸை நிறுத்தும் பாவனையில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, டிரைவரின் கண்ணைப் பார்க்காமல் நடக்க வேண்டும். கண்ணைப் பார்த்தால் அவர், "ஓ, நம்மைப் பார்த்துட்டான், இவன் நின்னுக்குவான்" என்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்.

இதே நான் ஆறு மணிக்கு பைக்கில் உட்கார்ந்ததும் வேறு ஆள். "யோவ் பெரிசு, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" ரகம்.

ஒருநாள் சாயங்காலம், ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸை ஓவர்டேக் செய்தேன். பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். பிரேக் அடித்தேன். வண்டி சறுக்கி, முன்சக்கரம் அவர் வேட்டியில் போய் நின்றது. அவர் விழுந்துவிட்டார். கையில் இருந்த மஞ்சள் பை கொட்டி, நாலு கொய்யாப்பழமும் இரண்டு மாத்திரை அட்டையும் ரோட்டில். முழங்கையில் தோல் பிய்ந்ததோடு போயிற்று. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"தம்பி, நீ பார்க்கலையா... நான் பார்க்கலையா?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

பதில் சொல்லத் தெரியவில்லை ஸார். மாத்திரை அட்டையைப் பொறுக்கிக் கொடுக்கும்போது என் கைதான் நடுங்கியது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான் பி.காம். பத்தாங்கிளாஸோடு ஃபிஸிக்ஸுக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் கூட்டல் கழித்தல் வரும் அல்லவா?

மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 11 மீட்டர். ஆளைப் பார்த்து, மூளைக்குப் புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அதற்குள் 11 மீட்டர் போயாச்சு. பிறகு பிரேக் பிடித்து நிற்க, நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் சுமார் 9 மீட்டர். ஆக 20 மீட்டர்.

60-ல் போனால்? யோசிக்கும் அந்த ஒரு வினாடிக்கே 17 மீட்டர் காலி. பிரேக்குக்கு இன்னொரு 20. மொத்தம் 37. அதாவது, 40-ல் வந்தவன் நின்று ஸாரி சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், 60-ல் வந்தவன் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பான். அங்கே அவன் வேகம் இன்னும் 55. பெரியவருக்கு யார் குறுக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

லாபக் கணக்கையும் போட்டேன். மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு 60-ல் போனால் 3 நிமிஷம், 40-ல் போனால் நாலரை. மிச்சம் ஒன்றரை நிமிஷம். அதையும் அடுத்த சிக்னலில் வட்டியோடு கட்டிவிடுகிறோம்!

சென்னை போலீஸ் 2023 நவம்பரில் வேக வரம்பை மாற்றி அறிவித்தது: காருக்கு 60, டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. 'முப்பதா! மாட்டு வண்டியா ஓட்டறோம்?' என்று ஆபீஸில் ஒரே சிரிப்பு. மேலே உள்ள கணக்கைக் காட்டினேன். இரண்டு பேர் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவன், "நீ சி.ஏ. எழுதியிருக்கலாம்" என்றான்.

பெரியவர் பக்கத்துக் கணக்கும் உண்டு. ஆறு லேன் ரோடு என்றால் லேனுக்கு மூன்றரை மீட்டர், மொத்தம் 21 மீட்டர். சிக்னல் போடும் எஞ்சினீயர்கள் மனுஷன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பதினெட்டு வினாடி வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இருபத்தைந்தாவது வேண்டாமா? பச்சை மனுஷ பொம்மை அதற்குள் சிவப்பாகி, அவர் நட்டநடுவே நின்றால், நாம் ஹாரன் அடிக்கிறோம்.

'நடைமேம்பாலம் கட்டினா ஏற மாட்டேங்கிறாங்களே?' என்பீர்கள். அடியில் லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். படிக்கு அரையடி வைத்தால் கிட்டத்தட்ட நாற்பது படி. ஏறி, இறங்கி, மாலையில் மறுபடி ஏறி... பழநிக்கு வேண்டுதலா என்ன? அதைவிட அண்ணா சாலை மெட்ரோ நிலையங்கள் தேவலை. சிலவற்றில் ஒரு பக்கம் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறலாம், டிக்கெட் வேண்டாம். நிறையப் பேருக்கு இது தெரியாது.

நடைபாதை? மூன்று டூவீலர், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு இளநீர்க் கடை போக மிச்சம் இருக்கும் இடம். 2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையே வகுத்தது. அதன் பலனைக் கண்ணால் பார்க்க பாண்டி பஜாருக்குப் போங்கள். 2019-ல் ரோடைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள். ரங்கநாதன் தெருவில் இடிபட்டு வந்த குடும்பங்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவர்களும் தானாகவே மெதுவாகப் போகிறார்கள், போர்டு பார்த்து அல்ல.

2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் செத்துப்போனவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் சும்மா நடந்து போனவர். நாலு மணிக்கு ஒரு பட்டியலில் இருக்கும் நாம், ஆறு மணிக்கு இன்னொரு பட்டியலுக்கு மாறிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ஸ்டாப்பில் பஸ் நின்றால் என் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. பின்னால் வருகிறவர்கள் என் வம்சத்தையே விசாரிக்கிறார்கள். நடக்கும்போதும் பஸ்ஸுக்கு முன்னால் கடப்பதில்லை. பஸ் போன பிறகுதான். ஒரு கார் நின்று வழிவிட்டாலும், அடுத்த லேனில் எவன் வருகிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பது.

மானேஜர் கதையை விட்டுவிட்டேனே. ஒருநாள் ஃப்ளாஸ்க் பையன் லீவு. "நானும் வர்றேன்யா" என்று கிளம்பினார். சென்டர் மீடியனில் ஏறி நின்றவர், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அங்கேயே ஏழு நிமிஷம் நின்றார். பிறகு டீ குடிக்காமலேயே திரும்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து எங்களுக்கு டீ டைம் அரை மணி.