மிதிவண்டியில் மூவார் வட்டம்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் மூவார் ஆறு கடலோடு கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் உள்ள மூவார் நகரிலிருந்து புறப்பட்டு, கடற்கரையை ஒட்டிப் பாரிட் ஜாவா சென்று, அங்கிருந்து உட்புறம் திரும்பிப் பக்ரி வழியாக மீண்டும் மூவாரை அடைந்தால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமுள்ள முக்கோணப் பாதை ஒன்று நிறைவுறும். பெரிய மேடோ மலையோ இல்லாத சமவெளி இது. அவசரமின்றி மிதித்தால், தங்கி இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து அரைநாளில் சுற்றி வந்துவிடலாம். பேருந்தில் செல்வோர் காணாமல் கடந்துவிடும் பலவற்றை மிதிவண்டியில் செல்வோர் நின்று காணலாம்.

பயணத்தை ஆற்றங்கரையிலுள்ள தஞ்சோங் அமாசில் தொடங்குவது நன்று. அருகிலேயே 1930ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசல் கம்பீரமாக நிற்கிறது. சுல்தான் அபூபக்கர் காலத்தில் இந்நகரம் 'பண்டார் மகாராணி' எனப் பெயர் பெற்றது. 2012ஆம் ஆண்டில் இது ஜொகூரின் அரச நகரமாக அறிவிக்கப்பட்டது.

நகரைத் தாண்டியதும் ஊர்ப்பெயர்களைக் கவனித்துப் படியுங்கள். பாரிட் பாக்கார், பாரிட் ஜாவா எனப் பல ஊர்கள் 'பாரிட்' என்றே தொடங்கும். மலாய் மொழியில் அச்சொல் கால்வாயைக் குறிக்கும். முன்னொரு காலத்தில் இப்பகுதி சேறும் சதுப்புமாகக் கிடந்தது. ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியோர் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, தென்னையும் கமுகும் நட்டனர். ஒவ்வொரு பெயரும் மண்வெட்டி பிடித்த கைகளின் நினைவாக நிற்கிறது.

இவ்வழியை ஒட்டி ஒரு காலத்தில் புகைவண்டியும் ஓடியது என்றால் வியப்பாக இருக்கும். மூவார் அரசு இரயில்வே 1890ஆம் ஆண்டில் மூவாருக்கும் பாரிட் ஜாவாவுக்கும் இடையே தொடங்கப்பெற்றது. சாலைப் போக்குவரத்து பெருகியபின் 1929ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பாரிட் ஜாவாவில் மீனவர் படகுத்துறையும் சேற்றுக் கரையும் உண்டு. மலாய்க்காரர் 'பூரோங் போத்தாக்', அதாவது மொட்டைத்தலைப் பறவை, என்றழைக்கும் பெருநாரைகளை அங்கே காணலாம். அவை அருகி வரும் உயிரினம். ஆதலால் தொலைவில் நின்று பார்த்தலே முறை.

பாரிட் ஜாவாவிலிருந்து பக்ரிக்குத் திரும்பினால் சிற்றூர்களும் ரப்பர் மரங்களும் செம்பனையும் வரும். இங்கே சற்று நின்று, உங்கள் மிதிவண்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். 1888ஆம் ஆண்டில் ஜான் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று காற்றடைத்த ரப்பர் சக்கரத்தை உருவாக்கினார். மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் ரப்பர் தேவைப்படவே, அதன் விலை ஏறியது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில நாற்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயா முழுவதும் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் மரம் வெட்டுவதற்காகவே நம் முன்னோரில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கப்பலேறினர். ஒரு சிறுவனின் வண்டிச் சக்கரத்துக்கும் நம் குடும்பங்களின் வரலாற்றுக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

பக்ரி அமைதியான ஊர். ஆயினும் 1942ஆம் ஆண்டு ஜனவரியில் இது போர்க்களமாக இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 55 நாளில் ஜொகூர் பாருவை எட்டியது. அவ்விரைவுக்கு மிதிவண்டியும் ஒரு காரணம். பல்லாயிரம் வீரர்கள் மிதிவண்டியில் வந்தனர். பாலம் தகர்க்கப்பட்டிருந்தால் வண்டியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தனர். ஜனவரி 16ஆம் நாள் மூவார் வீழ்ந்தது. எதிர்த்து நின்ற 45ஆவது இந்தியப் படைப்பிரிவினர் ராஜபுத்திரர், ஜாட்டுகள், கார்வாலியர் ஆகியோர். பெரும்பாலோர் அனுபவமற்ற இளைஞர். பாலைவனப் போருக்கெனப் பயிற்சி பெற்றவர்களைக் காட்டுக்குள் நிறுத்தினர். ஆஸ்திரேலியரும் அவர்களும் பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் நோக்கிப் போரிட்டுக்கொண்டே பின்வாங்கினர். அங்கே பாலத்தைப் பகைவர் பிடித்திருந்தமையால், நடக்க முடியாத காயம்பட்டோரை விட்டுச்செல்ல நேர்ந்தது. அவர்களுள் ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் ஜனவரி 22ஆம் நாள் கொல்லப்பட்டனர். பாரிட் சூலோங் நமது வட்டத்துக்கு வெளியே உள்ளது. பெற்றோர் பிள்ளைகளைப் பிறிதொரு நாள் காரில் அழைத்துச் சென்று அங்குள்ள நினைவுச் சின்னத்தைக் காட்டலாம்.

கல்லறை அறியப்படாத வீரர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே போர்க்காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்களை அறிந்தோரின் நினைவே அவர்களுக்கு ஏடு. அந்நாளில் குழந்தையாயிருந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். காலம் தாழ்த்தினால் அந்த ஏடும் அழிந்துவிடும்.

புறப்படுவோர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்கே கிளம்புக. பிரேக்கையும் சக்கரத்தின் காற்றையும் முன்னரே சரிபார்க்க. தலைக்கவசம் அணிந்து, சாலையின் இடப்புறமாக ஒருவர்பின் ஒருவராகச் செல்க. பக்ரிக்கும் மூவாருக்கும் இடையே லாரிகள் மிகுதி. ஆதலால் பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் வரல் வேண்டும். குடிநீரை மறவாதீர். சிறு வகுப்பு மாணவர்க்கு முழு வட்டம் வேண்டா. ஆற்றங்கரையைச் சுற்றி வருதலே போதும்.

மாணவமணிகளே, ஒரு குறிப்பேட்டையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கண்ட ஊர்ப்பெயர்களை அதில் எழுதுங்கள். வீடு திரும்பியதும் தாத்தா, பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர்கள் பெற்றோர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தனர், சயாமுக்குச் சென்றவர் யார், திரும்பி வராதவர் யார் என்று கேட்டு, அப்பெயர்களையும் அதே ஏட்டில் எழுதி வையுங்கள்.