555 நோட்டுப் புத்தகமும் ஒரு செயலியும்

கணினி நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவர் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க முடியுமா? நம்மில் பலர் முடியாது என்றே நினைக்கிறோம். ஆனால், கோலாலம்பூரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு.

இன்றைய கிரேப் நிறுவனம், 2012 ஜூன் மாதம் 'மைடெக்சி' என்ற பெயரில் இங்குதான் பிறந்தது. அதைத் தொடங்கிய அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தோணியின் குடும்பம் மோட்டார் வாகனத் தொழிலில் ஊறியது. ஹூய் லிங் இயந்திரப் பொறியியல் பட்டதாரி. இருவரும் கணினி அறிவியல் மாணவர்கள் அல்லர். ஆனால், இரவில் டாக்சி ஏற ஒரு பெண் ஏன் அஞ்சுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓட்டுநர்களைத் தேடிச் சென்று பேசினார்கள். திறன்பேசி பழகாதவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இதன் பொருள் எனக்கு விளங்கியது ஸ்ரீ கெம்பாங்கானில், என் அப்பாவின் பள்ளி வேனில்தான். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அவருடைய கணக்கெல்லாம் ஒரு 555 நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அதைச் செயலியாக்க ஆசைப்பட்டு, மென்பொருள் படிக்கும் நண்பனிடம் சென்றேன். "கட்டணம் கட்டாத பிள்ளையின் பெயரைச் செயலி தானாக நீக்கிவிட வேண்டும்" என்று பெருமையாகச் சொன்னேன். இதைக் கேட்ட அப்பா, "பணம் கொடுக்கலைன்னு பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு வர முடியுமா?" என்றார். நான் தலைகுனிந்தேன். தொழில் தெரிந்தவர் அவர்; நான் செயலியை மட்டுமே நினைத்திருந்தேன்.

அதன்பின் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நிரல் எழுதும் முன் வேலையைக் கையால் செய்து பாருங்கள். நாங்கள் இரண்டு மாதம் ஒரு புலனக் குழுவையும் கூகுள் அட்டவணையையும் வைத்தே நடத்தினோம். விடுப்புப் படிவத்தை எந்தத் தாயும் நிரப்பவில்லை. எல்லாரும் காலை ஆறு மணிக்குக் குரல் பதிவுதான் அனுப்பினார்கள்! படிவத்துக்குச் செலவு செய்திருந்தால் வீண்தான்.

இரண்டாவது, பணம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். ஐந்து வேன் ஓட்டுநர்களிடம் கேட்டேன். ஐவரும் பாராட்டினர், மாதம் பத்து வெள்ளி தரச் சம்மதித்தவர் இருவர்தான்.

மூன்றாவது, நிரல் அறிந்த பங்காளியைத் தேடுங்கள். 2010இல் சென்னையில் பிரஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் சந்தையை நன்கறிந்தவர்; தொழில்நுட்பப் பொறுப்பை உடன் தொடங்கிய ஷான் கிருஷ்ணசாமி ஏற்றார். நண்பனே ஆனாலும் யாருக்கு எவ்வளவு பங்கு, நிரல் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

எங்கள் செயலி இன்னும் பிறக்கவில்லை. ஆனால், எது தேவையில்லை என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

நண்பர்களே, கிள்ளானில் லோரி ஓட்டும் மாமாவும் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் அத்தையும் நம் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் அவர்களுடைய 555 புத்தகத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். நிரலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.