மணல் மூடிய வைர ஊர்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே நமீபியா நாடு. அங்கே லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே, பாலைவனத்தில் கிடக்கிறது கோல்மான்ஸ்காப் என்ற ஊர். வீடுகள் உண்டு, குடியிருப்போர் இல்லை.

1908-ல் இப்பகுதி ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. ரயில் தண்டவாளத்தில் காற்று குவிக்கும் மணலை வாரித் தள்ளுவதுதான் சக்கரியாஸ் லெவாலா என்ற கூலித் தொழிலாளியின் வேலை. முன்பு கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். ஒருநாள் மணலில் மின்னிய கல் ஒன்றை மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அது வைரம்! ஸ்டாவுக் பெரும் செல்வரானார். லெவாலாவுக்கோ வெகுமதியாகக் காலணாவும் கிடைக்கவில்லை.

மணற்காட்டில் ஊர் எழுந்தது. மருத்துவமனை, ஐஸ் தொழிற்சாலை, அவற்றோடு ஒரு 'காசினோ'. பெயரைக் கேட்டுச் சூதாட்ட விடுதி என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மன் மொழியில் அது பொழுதுபோக்கு மன்றத்தையும் குறிக்கும். நாடக மேடையும் உடற்பயிற்சிக் கூடமும் பந்து உருட்டி விளையாடும் கூடமும் அதற்குள் இருந்தன.

1928-ல் தெற்கே, ஆரஞ்சு நதிப் பக்கம் இதைவிடப் பெரிய வைரங்கள் கிடைத்தன. கூட்டம் அங்கே ஓடியது. 1956-ல் ஊர் அடியோடு காலியாயிற்று.

காசினோவைப் பின்னர் பழுதுபார்த்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துப் போகிறார்கள். மற்ற வீடுகளுக்குள் மணல் குவிந்து கிடக்கிறது. லெவாலா அன்று வாரித் தள்ளிய அதே மணல். இன்று வாரித் தள்ளத்தான் ஆள் இல்லை.