துணியில் நெய்த இரு சொற்கள்

ஓலைச்சுவடியைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் உடனே பொருள் காண முற்படுவதில்லை. எக்காலத்து ஓலை, எவ்வகை எழுத்து, எவரிடமிருந்து வந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பாடத்திற்குள் நுழைகிறார். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் படைத்துறையின் துணிச்சின்னங்களைச் சேகரிப்போர்க்கும் இம்முறையே பொருந்தும். நம் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு சின்னத்தைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

அது சுதந்திர இந்தியப் படையினர் அணிந்த கைச்சின்னம். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்திய வீரர்களைப் பெரும்பகுதியாகக் கொண்டு, சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் ஜெர்மனியில் உருவான இப்படை, ஜெர்மன் தரைப்படையின் 950ஆம் காலாட்படை ரெஜிமென்டாக அமைந்தது. 1943இல் நெதர்லாந்துக்கும் பின்னர்த் தென்மேற்குப் பிரான்சுக்கும் அனுப்பப்பட்டது. 1944 ஆகஸ்டில் வாஃபன் எஸ்எஸ் அமைப்பின்கீழ் வந்தது. வீரர் தொகை சில ஆயிரமே. அதனால் சின்னம் அரிதாயிற்று. அரிதானதால் விலை ஏறிற்று. விலை ஏறியதால் போலியும் பிறந்தது.

கேடய வடிவில் காவி, வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள். நடுவே பாயும் புலி. மேலே வெண்தளத்தில் கறுப்பு எழுத்தில் ‘ஃப்ரையஸ் இண்டியென்’, அதாவது ‘சுதந்திர இந்தியா’ என்னும் இரு ஜெர்மன் சொற்கள். இதுவே அதன் தோற்றம்.

இத்தகைய நெசவுச் சின்னங்களைச் சேகரிப்போர் ‘பேவோ’ என்பர். வுப்பெர்ட்டால் நகரத்து நெசவு நிறுவனம் ஒன்றின் வணிகக்குறி அது. நாளடைவில் எந்த ஆலையில் நெய்யப்பட்டாலும் அவ்வகைச் சின்னம் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. ஆகவே விற்பவர் ‘பேவோ’ என்று கூறுவது நெசவு வகையைக் குறிக்குமேயன்றி, செய்த ஆலைக்குச் சான்றாகாது. சொற்பொருள் விரிவை அறியாதவர் இங்கேயே ஏமாறக்கூடும்.

இனி, சோதனைகளைக் காண்போம். முதலில் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பாவும் ஊடையும் சேர்ந்து முன்புறத்தில் உருவைத் தோற்றுவிக்கையில், உருவுக்கு வேண்டாத வண்ண இழைகள் பின்புறத்தில் மிதந்து செல்கின்றன. ஒளிப்படத்தைப் பார்த்துப் போலி செய்பவர்க்கு முன்புறமே தெரியும். பின்புறத்தை அவர் தாமே கற்பனை செய்கிறார். எழுத்தின் வடிவைப் பார்த்தெழுதியவர் இலக்கணத்தில் பிழைபடுவது போன்றது இது.

அடுத்தது இழை. ஓரத்தில் பிரிந்த இழையொன்றை எரித்தால், செயற்கைப் பட்டாகிய ரேயான் தாள்போல் எரிந்து சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பாலியெஸ்டர் இழைக்கு வின்ஃபீல்டும் டிக்சனும் பிரிட்டனில் காப்புரிமை கோரியது 1941இல்; அது சந்தைக்கு வந்தது போருக்குப் பின்னரே. எனவே நெசவிலேயே பாலியெஸ்டர் கலந்திருப்பின் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. புறஊதா விளக்கின் சான்று இத்துணை உறுதியானதன்று. போலியான பருத்தி நூலும் ஒளிராதிருக்கலாம். மெய்யான சின்னமும், பிற்காலச் சலவைத்தூளின் ஒளிர்ப்புப் பொருள் படிந்து ஒளிரலாம்.

இங்கு ஓர் அடிப்படை உண்மை புலப்படும். இச்சோதனைகள் பொய்யை விலக்கும், மெய்யை நிலைநாட்டா. போர்க்காலத் தறியும் அதன் துளையட்டைகளும் போருக்குப் பின் மீண்டும் இயக்கப்பட்டிருந்தால், பழைய நூலில் நெய்த அந்தத் துணி எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். இனி, சின்னம் மெய்யாயினும், அது தைக்கப்பட்டுள்ள மேலாடைக்கு உரியதா என்பது தனி வினா. நெடுங்காலம் தைத்திருந்த இடத்தின் அடித்துணி வெளுக்காதிருக்கும். தையல் துளைகளும் பொருந்தியிருக்கும். இவற்றுக்கும் மேலாக, யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் கைமாற்ற வரலாறு எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழிக் கதை அதற்கு ஈடாகாது.

சின்னத்தின் மொழியும் ஆராயத்தக்கது. ஜெர்மன் படையில் சேர்ந்த அரபியரின் கேடயத்தில் அரபும் ஜெர்மனும் இணைந்து நின்றன. துருக்கிஸ்தானியர் கேடயத்தில் துருக்கிய மொழித் தொடரே இருந்தது. இந்தியர் கேடயத்திலோ இந்திய மொழி எதுவும் இல்லை. தம் நாட்டின் விடுதலையைத் தம் கையிலேயே அயல்மொழியில் அவர்கள் சுமந்தனர். அதே மேலாடையின் வலப்பக்க மார்பில் சுவஸ்திகா ஏந்திய கழுகு இருந்தது. புலியை மட்டும் சட்டமிட்டு மாட்டிக் கழுகை மறப்பது வரலாறாகாது.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டு, ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தடைந்தார். ஜெர்மனியிலிருந்த படை அங்கேயே தங்கிவிட்டது. அவர் இங்குத் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவம் வேறு, அப்படை வேறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து திரண்ட தமிழர் சேர்ந்தது இங்கிருந்த இராணுவத்திலேயே. ஆயினும் பாயும் புலி என்றவுடன் பொதுமக்கள் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘உங்கள் பாட்டனார் அணிந்தது’ என்று கூறி இந்த ஜெர்மன் கேடயத்தை ஒருவர் விற்க முன்வந்தால், வாங்குபவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் பர்மாவுக்கு நடந்த ஒரு மனிதர், தாம் காணாத ஐரோப்பாவில், தாம் ஏற்காத இட்லரின் படைவீரராகக் குடும்ப வரலாற்றில் பதிந்துவிடுகிறார்.

ஆகவே, குடும்பப் பெட்டியில் இத்தகைய துணி கிடைத்தால், முதலில் அதிலுள்ள சொற்களைப் படியுங்கள். பின்னர்த் திருப்பிப் பாருங்கள். அது எவ்வழி வந்தது என்பதை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாம் இன்று எழுதி வைக்கும் அச்சிறு குறிப்பே நாளைய ஆய்வாளர்க்கு நிலைநாட்டும் சான்றாகும்.