பிள்ளை வளர்ப்பும் ஆள் மேற்பார்வையும்

வேலையாட்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல நடத்தவேண்டும் என்று மேடைகளிலே பேசக் கேட்கிறோம். இனிய சொல்தான். ஆயின், அடித்து வளர்ப்பவரும் பெற்றோரே. அவிழ்த்துவிட்டு வளர்ப்பவரும் பெற்றோரே. எந்தப் பெற்றோரைப் போல என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்க உளநூல் அறிஞர் டயானா பாம்ரிண்ட் அம்மையார் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் பெற்றோரின் ஆளுகையை மூவகையாகப் பகுத்தார். காரணங் கூறாது அடக்குவோர் ஒரு வகை. பிள்ளையின் போக்கிலேயே விட்டுவிடுவோர் மற்றொரு வகை. மூன்றாமவர் கண்டிப்பில் குறை வையார். எனினும் விதியின் காரணத்தை எடுத்துரைப்பர், பிள்ளையின் மறுமொழிக்கும் செவி சாய்ப்பர். இம்மூன்றாவதையே அம்மையார் சிறந்ததெனக் கொண்டார்.

இதற்கு முன்னரே, 1939-இல், கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் என்னும் மூவர் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. சிறுவர்களுக்கு முகமூடி செய்தல் முதலிய கைவேலைகள் தரப்பட்டன. அதிகாரம் செய்யும் தலைவர் எதிரில் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் தளர்ந்தது. கலந்து பேசி நடத்திய குழுவிலோ, தலைவர் இல்லாதபோதும் வேலை தொடர்ந்தது.

இதனை ரப்பர்த் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மரம் சீவுகிறவர் தம் நிரையில் தனியே நிற்கிறார். மண்டோர் ஒவ்வொரு மரத்தடியிலும் காவல் நிற்க இயலாது. கத்தி ஆழப் பாய்ந்தால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயப்படும். பிறகு அவ்விடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மறுமுறை அங்கே சீவுவது கடினம். இந்தக் காரணத்தை அறிந்தவர், பார்ப்பார் இல்லாதபோதும் கத்தியை அளந்தே பிடிப்பார். ஏச்சு மட்டும் கேட்டவரோ, மண்டோரின் மோட்டார் சைக்கிள் ஓசைக்குத்தான் காது கொடுப்பார்.

இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. வேலையாள் பிள்ளை அல்லர். குடும்பத்தைத் தாங்கும் பெரியவர். அக்காலக் கங்காணி, தாம் ஊரிலிருந்து அழைத்து வந்த ஆட்களுக்குத் தகப்பன் முறை கொண்டாடினார். அவர்கள் வேலைக்கு இறங்கிய நாட்களுக்குத் தலைக்காசு பெற்றவரும் அவரே! தகப்பன் என்ற சொல்லின் நிழலில் கூலிக் கணக்கைக் கேட்பதுகூட நன்றிகேடாகிவிட்டது. தகப்பன் பிள்ளைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. முதலாளி காட்டியே ஆகவேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நடத்தைக் குற்றத்துக்குத் தக்க விசாரணை நடத்திய பின்னரே தண்டனை என்கிறது. சம்பளமின்றி நிறுத்திவைப்பதும் இரண்டு வாரத்துக்கு மேற்படலாகாது. எந்த வீட்டில் தகப்பன் விசாரணை வைக்கிறார்?

ஆகவே பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உரிமை அன்று, முறை. புதிதாக மண்டோர் ஆனவர், பெரட்டில் பலர் முன்னிலையில் ஒருவரை ஏசுவதை விட்டு, அவருடைய நிரைக்கே சென்று காயம்பட்ட மரத்தைக் காட்டிப் பேசட்டும். "கத்தி மழுங்கிவிட்டது, தீட்டக் கல் இல்லை" என்று மறுமொழி வந்தால், அதையும் குறித்துக்கொண்டு அன்றே கிராணியிடம் சொல்லட்டும்.