காசு வேறு, கேஷ் வேறு

மதுரை தெற்காவணி மூல வீதியின் நகைக்கடை ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். காசுமாலை ஒன்றைக் கையில் ஏந்தியபடி அவர் பெருமிதத்தோடு சொன்னார்: “ஐயா, ஆங்கிலக்காரரின் ‘கேஷ்’ நம்முடைய ‘காசு’தானே!” பொருளியல் கற்பித்த காலத்திலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை.

ஆங்கில அகராதிகள் ‘கேஷ்’ என்பதை இரு தனிச் சொற்களாகப் பதிவு செய்கின்றன. முதலாவது, நாம் அன்றாடம் வழங்கும் சொல், ரொக்கத்தைக் குறிப்பது. பெட்டி எனப் பொருள்படும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. பணம் வைக்கும் பெட்டியின் பெயர், நாளடைவில் பணத்துக்கே ஆகிவந்தது. இது நமக்கும் புதிதன்று. கல்லா என்பதும் பெட்டிதான்; ஆனால், ‘நன்றாகக் கல்லா கட்டினார்’ என்றால் வருவாயைத்தானே சொல்கிறோம்?

இரண்டாவது ‘கேஷ்’ சிறு நாணயத்தைக் குறிப்பது. இதுவே நம்முடைய காசு. போர்த்துகீசியர் இதனைத் தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்ற சொல்லைப் போலவே ஒலித்தனர். அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றபோது இரு சொற்களும் ஓருருப் பெற்றன. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டாவது சொல்லின் பயணம் வியப்பானது. சென்னை மாகாணத்தில் 1818இல் ரூபாய் முறை நிலைபெறும் வரை, 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அச்சிட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களில் ‘கேஷ்’ என்றே பொறிக்கப்பட்டது. அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809இல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. சீனாவின் துளையிட்ட செப்பு நாணயங்களுக்கும் ஆங்கிலத்தில் இன்றுவரை ‘கேஷ்’ என்றே பெயர். சீனர் தாமே வழங்காத அப்பெயர், தமிழ் தந்தது.

இத்தகைய மெய்யான பெருமை இருக்க, ரொக்கத்துக்கும் உரிமை கோருவானேன்? ஒரு கள்ள நாணயம் சிக்கினால், பையிலுள்ள நல்ல நாணயங்களையும் சந்தை சுண்டிப் பார்க்கும். சொல்லாராய்ச்சிக்கும் அதுவே நியதி. என் மாணவரிடம் இதைத்தான் சொன்னேன்.