உங்களுக்குத் தெரியுமா? சென்னிமலையிலிருந்து டப்ளின் வரை

சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் 1904-இல் பிறந்த கொடி காத்த குமரன், 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டு உயிர்விட்ட கதை ஊரறிந்தது. அதே கொங்கு மண்ணின் சிவப்புப் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் சின்னையன், ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன் நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்; நால்வரும் செங்கொடிச் சங்கத்தினர்.

நாட்டு விடுதலையும் தொழிலாளர் விடுதலையும் ஒன்றுதான் என்ற அயர்லாந்தின் ஜேம்ஸ் கனோலிக்கும் இதே கதிதான். 1916 ஈஸ்டர் எழுச்சியில் குண்டடிபட்டு எழுந்து நிற்க முடியாதவரை, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டது ஆங்கில அரசு. அப்போது டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், 1937-இல் ராஜாஜி மந்திரிசபையில் தொழிலாளர் அமைச்சரானார்: பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி.